ஈரத் துணியும் மின்கம்பியும்

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும், வடக்கிலும் கிழக்கிலும் உள்ள இல்லங்களில் கொடியில் தொங்கும் ஈரத் துணிகள் குடும்பத் தலைவியரின் பெருங்கவலையாகிவிடுகின்றன. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை மறுநாட் காலைக்குள் காய்ந்தாக வேண்டும். பச்சிளங் குழந்தையின் துணிகளோ மணிக்கு மணி சேருகின்றன. கொழும்பு மாநகரின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்கு மழை இல்லாத நாளிலுங்கூட இக்கவலை உண்டு. அவர்களுக்குக் கொடி கட்ட முற்றமே இல்லை. ஆகவே, மின்சாரத்தால் துணி உலர்த்தும் பொறியை வாங்கும் எண்ணம் இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் எழுவதில் வியப்பில்லை.

கடைக்குச் செல்லும் நாம் பொறியின் விலையைக் கேட்கிறோம். எத்தனை கிலோ துணி கொள்ளும் என்று கேட்கிறோம். எத்தனை ஆண்டுகளுக்கு உத்தரவாதம் என்றும் கேட்கிறோம். ஆனால், "எங்கள் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் கம்பி இப்பொறியைத் தாங்குமா?" என்ற கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம். அதற்குக் கடைக்காரர் விடை கூறவும் இயலாது. அவர் நமது சுவரைக் கண்டவர் அல்லர். அந்தக் கேள்விக்கு விடை காணும் வழியையே இவ்வாரம் ஆராய்வோம்.

பொறி ஏன் இவ்வளவு மின்சாரம் உண்கிறது?

பௌதிகவியல் பயிலும் மாணவர்கள் இதனை எளிதில் உணர்வர். நீரை ஆவியாக்குவதற்கு மறைவெப்பம் வேண்டும். ஒரு லீற்றர் நீர் துணியை விட்டு ஆவியாய் வெளியேற, ஏறக்குறைய மூன்றில் இரண்டு அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. ஏழு கிலோ துணியைத் துவைத்து, துவைக்கும் பொறியில் நன்கு சுழற்றிப் பிழிந்த பின்னரும் நான்கு லீற்றர் அளவு நீர் அதில் தங்கியிருக்கக்கூடும். அந்நீரை விரட்டுவதற்கு மாத்திரமே 2.7 அலகு வரையில் வேண்டும். வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால், வெப்பச் சுருளால் இயங்கும் சாதாரண உலர்த்தி ஒரு முறைக்கு நான்கு அலகு அளவில் எடுத்துக்கொள்கிறது. முற்றத்துக் கொடியில் சூரியன் இதே வேலையைச் சல்லிக் காசு கேளாமற் செய்து தந்தான் என்பதை எண்ணும்போதுதான் அவன் அருமை நமக்குப் புலனாகிறது.

இத்தகைய உலர்த்திகள் பெரும்பாலும் 2,000 முதல் 2,700 வாற்று வரையிலான வலுவுடையவை. நமது நாட்டின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. 2,500 வாற்றை 230ஆல் வகுத்தால், கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 11 அம்பியர் என்று வரும்.

இந்தப் பதினொன்று என்ற எண் பெரியதா, சிறியதா? லக்ஷபான நீர்மின் நிலையத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கிய 1950ஆம் ஆண்டையும் அதனை அடுத்த காலத்தையும் சேர்ந்த ஒரு நடுத்தர வீட்டை எண்ணிப் பார்ப்போம். அறுபது வாற்று மின்குமிழ்கள் ஆறு, மின்விசிறிகள் இரண்டு, வானொலிப் பெட்டி ஒன்று: இவை அனைத்தையும் ஒருங்கே இயக்கினாலும் 600 வாற்றை எட்டாது. வீடு முழுவதற்கும் இரண்டரை அம்பியர் போதுமாக இருந்தது. அத்தகைய வீட்டின் கம்பிகளை அமைத்தவர் அன்றைய தேவைக்குச் சரியாகவே அமைத்தார். இன்று ஒரே ஒரு பொறி, அன்று முழு வீடும் கொண்ட மின்னோட்டத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல் கேட்கிறது.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. மின்கேத்தல் 2,000 வாற்று எடுத்தாலும் நான்கைந்து நிமிடங்களில் ஓய்ந்துவிடும். கம்பி சூடேறுமுன் வேலை முடிந்துவிடுகிறது. உலர்த்தியோ ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து இழுக்கிறது. கேத்தலைத் தாங்கிய குதை உலர்த்தியையும் தாங்கும் என்று எண்ணுவது, ஒரு நிமிடம் மூட்டையைத் தூக்கியவன் அதனைச் சுமந்துகொண்டு ஒரு கட்டை தூரம் நடப்பான் என்று எண்ணுவதை ஒக்கும்.

கம்பியின் பருமன்

கம்பியில் மின்னோட்டம் செல்லும்போது பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன் என்பதை ஆங்கிலேய விஞ்ஞானி யூல் 1841இல் வெளியிட்டார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். நான்கு மடங்கானால் பதினாறு மடங்காகும். பழைய கம்பிக்குப் புதிய பொறி ஏன் ஆபத்து என்பதற்கு இவ்விதி ஒன்றே போதிய விளக்கம்.

கணக்கொன்று செய்து பார்ப்போம். பகிர்வுப் பெட்டியிலிருந்து குதைவரை 12 மீற்றர் தூரம் என்று கொள்வோம். போகவர 24 மீற்றர் செப்புக் கம்பி. அக்கம்பியின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மில்லிமீற்றராயின், 11 அம்பியர் ஓடும்போது சுவருக்குள்ளே 50 வாற்றுக்கு மேல் வெப்பமாகிறது. இரண்டரைச் சதுர மில்லிமீற்றராயின் அது 22 வாற்றளவில் அடங்குகிறது. கடைகளில் முன்னையதை 1/1.13 என்றும், பின்னையதை 7/0.67 என்றும் எழுதியிருப்பர். 7/0.67 என்றால், 0.67 மில்லிமீற்றர் விட்டமுடைய ஏழு இழைகளை முறுக்கிச் செய்த கம்பி என்பது பொருள். மின்குமிழுக்கு ஏற்றது முன்னையது. உலர்த்திக்கு வேண்டியது பின்னையது. தூரம் மிக நீண்டதாயின், அல்லது வெயிலில் கொதிக்கும் கூரையின் கீழாகக் கம்பி செல்வதாயின், அதனினும் பருத்த 7/0.85 கம்பியை மின்னிணைப்பாளர் தெரிவு செய்யக்கூடும்.

மிகப் பழைய வீடுகளில் இறப்பர் உறையின் மேல் பருத்திநூல் பின்னிய கம்பிகள் இன்னும் எஞ்சியிருத்தல் கூடும். காலம் செல்ல அவ்விறப்பர் காய்ந்து, வெடித்து, தொட்ட மாத்திரத்தில் உதிரும் நிலையை அடைகிறது. அவ்வாறான கம்பியில் உலர்த்தியைப் பூட்டுவது பற்றிய பேச்சே வேண்டாம். அங்கே முதல் வேலை வீட்டின் மின்னமைப்பை முற்றாகப் புதுப்பிப்பதே.

பொருத்துகளே பலவீனமான இடம்

கம்பி பருமனாக இருந்துவிட்டால் மாத்திரம் போதாது. தீ பெரும்பாலும் கம்பியின் நடுவில் அன்றி, அது பிறிதொன்றுடன் சேரும் பொருத்துகளிலேயே தோன்றுகிறது. குதையின் உள்ளே தளர்ந்துபோன பித்தளை நாக்கு, சரியாக முறுக்காத திருகாணி, சுவருக்குள் முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு ஆகியனவே அவ்விடங்கள். இத்தகைய பொருத்து ஒன்றில் ஓர் ஓமின் ஐந்தில் ஒரு பங்கு தடை இருந்தாற் போதும். 11 அம்பியர் ஓடுகையில் 24 வாற்று வெப்பம் அந்த ஒரு புள்ளியில் குவிகிறது. வானொலி திருத்துவோர் பயன்படுத்தும் சிறிய பற்றாசுக் கோலின் வலுவும் ஏறக்குறைய அதுவே. ஈயத்தை உருக்கும் கோலொன்றை ஒன்றரை மணி நேரம் பிளாத்திக்குப் பெட்டிக்குள் செருகி வைத்திருப்பதை நம்மில் எவர் விரும்புவர்?

நமது இல்லங்களில் வழக்கமாகிவிட்ட ஒரு தீய பழக்கத்தையும் இங்கே கண்டித்தாக வேண்டும். மூன்று சதுர முனை கொண்ட 13 அம்பியர் குதையின் மேல் துவாரத்தில் பேனை முனையையோ ஈர்க்குக் குச்சியையோ செலுத்தி, கீழ்த் துவாரங்களைத் திறந்து, இரண்டு முனைச் செருகியைத் திணிப்பதே அது. அந்த மேல் துவாரம் புவிக்கம்பிக்குரியது. அதன் நீண்ட முனை முதலில் நுழைந்து மூடியைத் திறக்க வேண்டும் என்பதே பாதுகாப்பின் பொருட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு. குச்சியால் திறந்து பழகிய குதையில் உருண்டை முனைகள் நாக்குகளை நெகிழ்த்திவிடுகின்றன. நெகிழ்ந்த அக்குதை தொலைபேசியை மின்னேற்றுவதற்குப் போதும். உலர்த்திக்கு அதுவே எமனாகும்.

மூன்று காவலர், மூன்று வேலை

"எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, எது நடந்தாலும் அது விழுந்துவிடும்" என்று பலர் ஆறுதல் கொள்கின்றனர். இந்த ஆறுதல் அரைகுறையானது. வீட்டு மின்சாரத்துக்குக் காவலர் மூவர் உளர். ஒவ்வொருவரும் தத்தம் குற்றவாளியை மாத்திரமே அறிவர்.

முதலாமவர், ட்ரிப் சுவிட்ச் என்று நாம் அழைக்கும் ஆர்.சீ.சீ.பி. உயிர்க்கம்பியில் சென்ற மின்னோட்டம் நொதுமற்கம்பியில் முழுவதும் திரும்பி வருகிறதா என்பதையே இவர் பார்க்கிறார். முப்பது மில்லியம்பியர் அளவு வேறெங்கேனும் கசிந்தால், அதாவது ஒருவரின் உடலூடாகவோ ஈரச் சுவரூடாகவோ சென்றால், உடனே துண்டிக்கிறார். ஆனால் கம்பி அதிக சுமையாற் கொதித்தாலும், சென்றது திரும்பி வருமட்டும் இவர் அசையமாட்டார்.

இரண்டாமவர், எம்.சீ.பி. எனப்படும் சிறிய சுற்றுடைப்பான். பழைய வீடுகளில் உருகி. கம்பியின் கொள்ளளவுக்கு மேல் மின்னோட்டம் செல்லாது தடுப்பது இவரது கடமை. எனினும் இவர் பொறுமைசாலி. தமது அளவைப்போல் 1.45 மடங்கு மின்னோட்டம் ஓடினாலும், துண்டிக்க ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ள நியமம் இவருக்கு இடமளிக்கிறது. ஆகவேதான் கம்பிக்கு ஏற்ற அளவில் இவரை அமர்த்த வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

மூன்றாமவர் புவிக்கம்பி. உலர்த்தியின் உலோக உடலில் மின்சாரம் தவறி ஏறினால் அதனை நிலத்துக்கு இட்டுச் செல்பவர் இவர். நமது நாட்டில் பொதுவாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்த புவிக்கோல் ஒன்று நாட்டப்பட்டிருக்கும். காய்ந்த மணலில் அதன் பயன் குறையும்; துருவேறி அறுந்துபோயிருந்தால் பயனே இல்லை. ஈரத் துணியை ஈரக் கையாற் கையாளும் இடத்தில் இவரின்றி ஒரு நாளும் இருத்தல் ஆகாது.

இம்மூவருள் எவரும் நாம் மேலே கூறிய தளர்ந்த பொருத்தைக் காணமாட்டார் என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். அங்கே மின்னோட்டம் கசியவும் இல்லை, அளவை மீறவும் இல்லை, புவிக்குச் செல்லவும் இல்லை. வெப்பம் மாத்திரம் பெருகுகிறது. அவ்விடத்தில் காவல் செய்ய வேண்டியவர் வீட்டாரேயாவர்.

பெரிய சுற்றுடைப்பான் போட்டால் என்ன?

உலர்த்தியைப் பூட்டியதும் சுற்றுடைப்பான் அடிக்கடி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழில் அறியாத ஒருவர் வந்து, "சின்னதாய் இருக்கிறது, முப்பத்திரண்டு போட்டுவிடுகிறேன்" என்பார். செலவும் சிறிது, விழுவதும் நின்றுவிடும். ஆனால், அவர் செய்தது என்ன? ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் கம்பி, குழாயினுள் செல்லும்போது 17 அம்பியர் அளவையே தாங்கவல்லது. அதற்குக் காவலாக 32 அம்பியர் சுற்றுடைப்பானை வைத்தால், 46 அம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் அது வாளாவிருக்கக்கூடும். கூப்பிடுகிறானே என்று காவற்காரனின் வாயைக் கட்டிவிட்டு உறங்குவது போன்றதே இச்செயல். பழைய பீங்கான் உருகிக் கட்டையில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றுவதும் இதே குற்றமே. கம்பி முதல், காவல் அதற்குப் பின். இவ்வொழுங்கை ஒருபோதும் மாற்றலாகாது.

செய்ய வேண்டியவை

உலர்த்திக்கென்று பகிர்வுப் பெட்டியிலிருந்து தனிச் சுற்று ஒன்றை இழுப்பதே முறையான வழி. இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பிகள், அவற்றுடன் புவிக்கம்பி, அச்சுற்றுக்கென 16 அல்லது 20 அம்பியர் சுற்றுடைப்பான், வேறெதற்கும் கொடாத தரமான 13 அம்பியர் குதை: இவ்வளவே தேவை. நீட்டிப்புக் கம்பியும் பல்செருகியும் அறவே கூடாது. நீட்டிப்புக் கம்பியைச் சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால் வெப்பம் வெளியேற வழியின்றி அதன் உறையே உருகக்கூடும்.

வேலையைத் தகுதி பெற்ற மின்னிணைப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பகிர்வுப் பெட்டியைத் திறப்பது வீட்டாரின் வேலையன்று. எனினும், கேள்வி கேட்பது வீட்டாரின் உரிமை. கம்பியின் அளவு என்ன? வழியில் இணைப்பு ஏதும் உண்டா? புவித்தடையை அளந்தீர்களா? காவலிடற் சோதனையில் ஒரு மெகாஓமுக்குக் குறையாத பெறுமானம் வந்ததா? நல்ல தொழிலாளி இக்கேள்விகளால் சினங்கொள்ளமாட்டார். தம் தொழிலை மதிப்பவர் கிடைத்தார் என மகிழ்வார். சுவரை மேசன் பூசி மூடுமுன் குழாய் செல்லும் வழியைப் புகைப்படம் எடுத்து வைத்தல் நன்று. பின்னாளில் படம் மாட்ட ஆணி அறைபவரின் உயிரை அப்படம் காக்கக்கூடும்.

அடுத்து, வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் மொத்த அளவையும் நோக்க வேண்டும். சாதாரண வீடுகளில் பெரும்பாலானவை 30 அம்பியர் ஒற்றை அவத்தை இணைப்பு உடையவை. அதாவது 6,900 வாற்று. உலர்த்தி 2,500, மின்கேத்தல் 2,000, மின்னழுத்தி 1,200, குளிரூட்டி 1,200 என்று ஒரே வேளையில் இயக்கினால் கணக்கு அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. குளியலறையில் உடனடி நீர்சூடாக்கி இருக்குமாயின் எல்லை மீறப்படும். இத்தகைய வீட்டார் தங்கள் மின் வழங்குநரிடம் பெரிய இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். அல்லது வேலைகளை வேளை பிரித்துச் செய்யலாம். பின்னையதற்குப் பணம் வேண்டியதில்லை, ஒழுங்கு மாத்திரமே வேண்டும்.

கனடாவிலிருந்து வரும் பொறி

ரொறன்ரோ போன்ற நகரங்களில் வாழும் நம் உறவினர் நாடு திரும்பும்போது, அங்கே பயன்படுத்திய உலர்த்தியையும் கப்பலில் அனுப்ப எண்ணுவதுண்டு. அன்பினாற் செய்யும் செயலாயினும் அது வீண் செலவே. வட அமெரிக்க உலர்த்திகள் பொதுவாக 5,000 வாற்றுக்கு மேற்பட்டவை. அங்கே அவற்றுக்கு 30 அம்பியர் தனிச் சுற்று அமைக்கிறார்கள். வெப்பச் சுருள் 240 வோல்ற்றிலும், உள்ளிருக்கும் மோட்டார் 120 வோல்ற்றிலும் இயங்கும்படி நான்கு கம்பிகள் வருகின்றன. நமது வீட்டில் 120 வோல்ற்று என்பது கிடையாது. மேலும், அங்கே அதிர்வெண் 60, இங்கே 50. எனவே மோட்டார் மெதுவாகச் சுழன்று சூடேறும். அப்பொறியை அங்கேயே விற்றுவிட்டு, அப்பணத்தில் இங்கே ஏற்றதை வாங்குவதே அறிவுடைமை.

ஏற்றது எது? வெப்பப் பம்பியால் இயங்கும் உலர்த்திகள் இப்போது கிடைக்கின்றன. ஈரக் காற்றிலுள்ள வெப்பத்தை வெளியே வீணாக்காது மீண்டும் துணிக்கே திருப்புவதால், இவற்றிற் பல 1,000 வாற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு முறைக்கு எடுப்பது இரண்டு அலகு அளவே. வாங்கும் விலை அதிகம். துணி உலர நேரமும் சற்று அதிகம். ஆயினும், கம்பிக்கு வரும் சுமை பாதிக்கும் குறைவு. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சுவரை உடைக்க வீட்டுக்காரரின் சம்மதம் பெற இயலாதோருக்கு இதுவே தக்கது. அப்போதும் குதை உறுதியாய் இருத்தலும் புவிக்கம்பி இருத்தலும் இன்றியமையாதன.

அன்றாடக் காவல்

பொறி வந்த பின்னும் வீட்டார் செய்ய வேண்டியன சில உள. முதல் சில நாட்களில் அரை மணி நேரம் ஓடிய பின் பொறியை நிறுத்தி, ஆளியை அணைத்துவிட்டு, செருகியின் வெளிமுகத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது. கை வைக்க முடியாத சூடு, பழுப்பு நிறம், கருகல் வாடை ஆகியவற்றுள் ஒன்றேனும் தோன்றினால், மின்னிணைப்பாளர் வந்து பார்க்கும்வரை பொறியை இயக்கக் கூடாது. ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். வடியில் சேரும் பஞ்சுத் துகளை ஒவ்வொரு முறையும் அகற்ற வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தீயணைப்பு நிர்வாகம், 2008 முதல் 2010 வரையான காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,900 வீட்டுத் தீக்கள் துணி உலர்த்திகளால் உண்டாயின என மதிப்பிட்டது. அவற்றுக்கு முதன்மையான காரணம் சுத்தஞ் செய்யாமையே என்றும் கூறிற்று. வீட்டில் ஒருவரும் இல்லாத வேளையிலும், எல்லோரும் உறங்கும் இரவிலும் உலர்த்தியை ஓடவிடாதிருத்தல் நலம்.

புதிய பொறி வரவேற்பறைக்கு வருவோர் கண்ணிற் படும். சுவருக்குள் இழுத்த கம்பியை எவரும் பாராட்டமாட்டார். ஆதலால் முன்னையதற்குத் தாராளமாகச் செலவிட்டுப் பின்னையதிற் சிக்கனம் பிடிப்பது மனித இயல்பாகிவிட்டது. உலர்த்திக்கென்று பணம் சேர்க்கும் குடும்பங்கள் கம்பிக்குரிய செலவையும் அதன் விலையின் ஒரு பகுதியாகவே தொடக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அத்தொகை இவ்வாண்டு கைகூடவில்லையாயின் பொறியை அடுத்த மாரிக்கு ஒத்திவைக்கலாம். தாழ்வாரத்துக் கொடியில் சீருடை காய ஒரு நாள் பிந்தினால் பிள்ளைக்கு மாற்றுடுப்பு உண்டு.